தங்கத்துக்கு நேர் கீழே 111: அது மஞ்சளா இருக்குங்களா?

கோவையில் நகைப் பட்டறை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் பிளஸ் டூ படிக்கிறாள். தனிம வரிசை அட்டவணையில் தங்கத்துக்கு நேர் கீழே 111 என்ற எண்ணோடு ராண்ட்ஜெனியம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஒரே தொகுதியில இருக்கறதெல்லாம் ஒரே குணம்னு சொல்லிக்குடுத்தாங்க. அப்படின்னா இதும் தங்கமாட்ட மஞ்சளா இருக்குங்களாப்பா?" என்றிருக்கிறாள். அப்பாவுக்கு இன்னொரு சந்தேகம். நொடிகளில் மறைந்துபோகிற ஒன்றுக்கு உருகுநிலை, அடர்த்தி என்றெல்லாம் எண் போட்டிருக்கிறார்களே, யார் உருக்கிப் பார்த்தது? இப்படி இன்னும் எத்தனை தனிமம் வரும் என்றும் கேட்கிறார்.

முதலில் நேரான பதில். ராண்ட்ஜெனியத்தை யாரும் உருக்கியதில்லை, தராசில் வைத்ததில்லை, அதன் நிறத்தைக் கண்டவரும் இல்லை. சுவர் அட்டவணைகளில் அதற்குப் போட்டிருக்கும் அடர்த்தி கணக்கில் வந்த மதிப்பு மட்டுமே. பழைய கணிப்பு ஒன்று கன சென்டிமீட்டருக்கு 28.7 கிராம் என்றது. பிந்தைய கணிப்புகள் 22 முதல் 24 வரை என்கின்றன. தங்கம் 19.3. மாற்றுப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக, ராண்ட்ஜெனியம் போன்ற மிகைகனத் தனிமங்களைப் பற்றி எதுவுமே அளக்கப்படவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பண்புகளில் இரண்டு வகை உண்டு. உருகுநிலை, அடர்த்தி, கடினம், உலோகத்தின் நிறம் எல்லாம் கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்தால்தான் வரும். தனியாக நிற்கும் ஒரு தங்க அணு மஞ்சள் இல்லை, அதற்கு உருகுநிலையும் இல்லை. இன்னொரு வகை, ஒற்றை அணுவுக்கே சொந்தமானது. அது எவ்வளவு நேரம் நிற்கிறது, சிதையும்போது என்ன ஆற்றலில் துகளை வீசுகிறது, அதன் நிறை எண் (கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான் மொத்தம்) என்ன, வெளி எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும், ஒரு பரப்பில் பட்டால் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பவை. இவற்றை அணுக்களை ஒவ்வொன்றாக வைத்தே அளக்க முடியும். அளந்தும் இருக்கிறார்கள். பாடப்புத்தகங்கள் இந்த இரண்டு வகையையும் ஒரே கட்டத்தில், ஒரே எழுத்தில் அச்சிடுகின்றன. அளந்ததற்கும் கணித்ததற்கும் ஒரு அடையாளமாவது வைக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் மகளின் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

மிகைகனத் தனிமங்கள் என்று பொதுவாக 104-ஆம் தனிமமான ரூதர்ஃபோர்டியம் முதல் 118-ஆம் தனிமமான ஒகனெசான் வரையுள்ளவற்றைச் சொல்கிறோம். இவை எதுவும் மண்ணில் கிடைத்ததில்லை, எல்லாம் ஆய்வகத்தில் உண்டாக்கியவை. செய்முறையின் அடிப்படை வெறும் கூட்டல்தான். 1994 டிசம்பரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்து ஆய்வகத்தில் பிஸ்மத் தகட்டின் மேல் நிக்கல் அணுக்கருக்களை ஏவினார்கள். பிஸ்மத்தில் 83 புரோட்டான், நிக்கலில் 28, கூட்டினால் 111. ஆனால் அந்தக் கூட்டல் நடப்பதுதான் அரிது. இரண்டுமே நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீற, ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முடுக்க வேண்டும். வேகம் கூடிப்போனால் சேர்ந்த கரு கொதித்து உடைந்துவிடும், குறைந்தால் ஒட்டவே ஒட்டாது. விநாடிக்கு லட்சக்கணக்கான கோடி அணுக்கருக்களை நாள் கணக்கில் ஏவி, அந்த முதல் சோதனையில் அவர்கள் கண்டது மூன்று ராண்ட்ஜெனிய அணுக்கள். ஒரு பவுன் தங்கத்தில், அதாவது எட்டு கிராமில், 24-ஐ எழுதி அதன் பின்னால் 21 சுழியம் போட்ட அளவுக்கு அணுக்கள் இருக்கின்றன. எனவே நகை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜப்பானியர்களின் கதை இன்னும் பொறுமையானது. ரிக்கென் நிறுவனத்தில் கொசுகே மொரிட்டா தலைமையில் துத்தநாகத்தைப் பிஸ்மத்தின் மேல் ஏவி 113-ஐத் தேடினார்கள். 2004-ல் ஒரு அணு, 2005-ல் ஒரு அணு, அப்புறம் 2012 வரை எதுவும் இல்லை, பிறகு மூன்றாவது. இந்த மூன்று அணுக்களுக்குத்தான் நிஹோனியம் என்ற பெயர் கிடைத்தது. ஆசியாவில் கண்டுபிடித்துப் பெயரிடப்பட்ட முதல் தனிமம் அது.

மூன்றே அணு வந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? சாட்சி சிதைவுச் சங்கிலி. புதிய அணுக்கரு, காந்தங்கள் கொண்ட ஒரு பிரிப்பான் வழியாகப் போய் ஒரு சிலிக்கான் உணர்கருவியில் புதைந்து நிற்கிறது. சற்று நேரத்தில் இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் கொண்ட ஓர் ஆல்ஃபா துகளை வீசுகிறது, அணு எண், அதாவது புரோட்டான் எண்ணிக்கை, இரண்டு குறைகிறது. மறுபடியும் ஒன்று, மறுபடியும் ஒன்று. எல்லாம் சிலிக்கானின் அதே புள்ளியில் நடக்க வேண்டும். ஒவ்வொரு ஆல்ஃபாவின் ஆற்றலும் அந்தந்தக் கருவுக்கே உரிய அடையாளம். சங்கிலியின் கீழ்முனை ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு கருவில் போய் முடிந்தால், இரண்டிரண்டாகக் கூட்டி மேலே ஏறி, தொடக்கம் 113 என்று உறுதி செய்யலாம். 2018-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் மாஸ்கோவியம் (115), நிஹோனியம் இரண்டின் நிறை எண்ணை நேரடியாகவே அளந்துவிட்டார்கள். இந்தத் துறையில் சரிபார்ப்பு கடுமையானது. ஒரு முன்னணி ஆய்வகம் 1999-ல் 118-ஐக் கண்டதாக அறிவித்தது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது கிடைக்கவில்லை, 2001-ல் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இப்போதைய 118 ரஷ்யாவின் டூப்னாவில், அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தாரும் சேர்ந்து, கலிஃபோர்னியத்தின் மேல் கால்சியத்தை ஏவி உண்டாக்கியது.

அடுத்து, "நொடியில் மறைகிறதே" என்ற பேச்சு. நமக்குத்தான் ஒரு நொடி அற்பம். ஒரு கரு தன்னைச் சுற்றி எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொள்ள, ஒரு நொடியை நூறு லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு நேரமே போதும். அவ்வளவு நேரமாவது நின்றால்தான் புதிய தனிமம் என்று ஏற்பது என்ற விதியே உண்டு. எனவே நான்கு நொடி நிற்கும் ஓர் அணு, வேதியியல் கணக்கில் மிக நீண்ட ஆயுள் கொண்டது. அது வாயுவில் மிதந்து, ஒரு பரப்பைத் தொட்டு, ஒட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஏராளமான நேரம் இருக்கிறது.

உங்களுக்கு மிகவும் பிடிக்கும் என்று நான் நினைக்கும் சோதனைக்கு இப்போது வருகிறேன், ஏனென்றால் அதில் தங்கமே கருவி. பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப்போகும், ரசம் தங்கத்தை விடாது என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அட்டவணையில் பாதரசத்துக்குக் கீழே இருப்பது 112, கோப்பர்நீசியம். அதுவும் தங்கத்தை அப்படிப் பிடிக்குமா? டூப்னாவில், சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, தங்கம் பூசிய உணர்கருவிகளை ஒரு நீண்ட, குறுகிய கால்வாயாக அடுக்கினார்கள். ஒரு முனை அறை வெப்பநிலையில், மறுமுனை சுமார் மைனஸ் 180 டிகிரியில். காந்திபுரத்தில் ஏறியவர்கள் அவினாசி, பெருமாநல்லூர், பெருந்துறை என்று அவரவர் ஊரில் இறங்குவதை வைத்தே யார் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதேபோல அணு எந்த வெப்பநிலையில் இறங்கி ஒட்டுகிறது என்பதை வைத்து அது தங்கத்தோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்று கணக்கிடலாம். பாதரசம் முதல் வெதுவெதுப்பான பகுதியிலேயே ஒட்டிவிட்டது. மந்த வாயுவான ரேடான் கடைசிக் குளிர் முனைவரை போனது. கோப்பர்நீசியம் பாதரசத்தைத் தாண்டிச் சற்றுக் குளிர்ந்த இடத்தில் இறங்கியது, ஆனால் ரேடானைப் போல ஓடிவிடவில்லை. தங்கத்தோடு உலோகப் பிணைப்பு உண்டு, பாதரசத்தைவிடத் தளர்வானது. ஐந்தாறு அணுகூட இல்லாமல் 2007-ல் வெளியான முதல் முடிவு இது.

இந்தத் தனிமங்களின் பண்பு என்று நான் நம்பிக்கையோடு சொல்வது இதைப் போன்றவற்றைத்தான். ஹாசியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 108, ஆஸ்மியத்துக்குக் கீழே. ஆஸ்மியம் பிளாட்டினக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துத் தனிமங்கள் நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையில்கூட நுண்ணளவில் இருப்பதைப் புவியியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். (சந்திரயானுக்கு மாதிரி நிலவு மண் போனதும் அதே சித்தம்பூண்டியிலிருந்துதான்.) ஆஸ்மியம் ஆக்சிஜனோடு சேர்ந்து டெட்ராக்சைடு என்ற எளிதில் ஆவியாகும் சேர்மம் ஆகும். 2001-ல் டார்ம்ஸ்டாட்டில் ஏழு ஹாசிய அணுக்களை வைத்து அதுவும் டெட்ராக்சைடு ஆவதைக் காட்டினார்கள். ஆஸ்மிய டெட்ராக்சைடு மைனஸ் 82 டிகிரி வாக்கில் படிந்த இடத்தில், ஹாசியத்தினுடையது மைனஸ் 44 வாக்கிலேயே படிந்தது. சேர்மம் அதே வகைதான், ஆனால் ஆவியாகும் தன்மை கொஞ்சம் குறைவு. இங்கே தொகுதி விதி நன்றாகவே நிற்கிறது.

இன்னும் மேலே போகப் போக அந்த விதி தளர்கிறது. 114-ஆம் தனிமம் ஃப்ளெரோவியம் ஈயத்துக்குக் கீழே இருக்கிறது. ஈயம் எப்படிப்பட்டது என்று தெரியும், கனமாக அசையாமல் கிடக்கும். ஃப்ளெரோவியமோ தங்கத்தோடு உலோகமாகப் பிணைந்தாலும் மிக எளிதில் ஆவியாகிறது என்று டார்ம்ஸ்டாட் சோதனைகள் காட்டின. ஈயத்தின் சாயல் அதில் வெகு குறைவு. 2024-ல் வெளியான முடிவுகளின்படி அதற்கு இருபக்கமும் உள்ள நிஹோனியமும் மாஸ்கோவியமும் அதைவிட வினைத்திறன் கூடியவை.

ஏன் இப்படி? காரணம் உங்கள் தங்கத்திலேயே இருக்கிறது. ஓர் அணுவின் உட்கூட்டு எலக்ட்ரானின் வேகத்தைத் தோராயமாக அறிய அணு எண்ணை 137-ஆல் வகுத்தால் போதும், ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு என்று வந்துவிடும். தங்கத்துக்கு 79-ஐ 137-ஆல் வகுக்க, சுமார் 58 சதவீதம். அவ்வளவு வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் கணக்குப்படி எலக்ட்ரானின் நிறை இருபது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, அதன் கூடு உள்ளே சுருங்குகிறது. வெளியே இருக்கும், 6எஸ் என்று பெயரிட்ட எலக்ட்ரான் கூடும் சேர்ந்து சுருங்குகிறது. உள்ளிழுப்பு குறைந்துபோகும் 5டி கூடு சற்று விரிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஆற்றல் இடைவெளி குறைந்து, நீல ஒளியை விழுங்கும் அளவுக்கு வந்து நிற்கிறது. நீலம் போனபின் மிஞ்சுவது மஞ்சள். வெள்ளியில் அந்த இடைவெளி அகலம், புற ஊதாவைத்தான் விழுங்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளி எல்லாம் திரும்பிவிடுகிறது, அதனால் வெண்மை. பாதரசம் திரவமாக இருப்பதற்கும் இதே காரணம். சார்பியல் விளைவு இல்லையென்றால் அதன் உருகுநிலை சுமார் 105 டிகிரி உயர்ந்திருக்கும் என்று 2013-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்போது பாதரசம் கோவை வெயிலில் திடப்பொருளாகக் கிடந்திருக்கும்.

சரி, இதே கணக்கை 111-க்குப் போடுங்கள். 81 சதவீதம். 118-க்கு 86 சதவீதம், அங்கே எலக்ட்ரானின் நிறை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ராண்ட்ஜெனியத்தின் 7எஸ் கூடு அவ்வளவு இறுகிவிடுவதால், அதில் இரண்டு எலக்ட்ரான் நிறைந்து 6டி-யில் ஒன்பது இருக்கும் என்பது கணிப்பு. தங்கத்திலோ 5டி-யில் பத்து, 6எஸ்-ல் ஒன்று. வெளிக்கூட்டின் அமைப்பே மாறிப்போன பிறகு, தங்கத்தின் மஞ்சளுக்குக் காரணமான அந்த இடைவெளி அப்படியே அமையும் என்று எதிர்பார்க்க வழியில்லை. வெள்ளி நிறமாக இருக்கலாம் என்று ஒரு கணிப்பு உண்டு. ஆக, பாப்பாவின் கேள்விக்கு என் பதில்: அநேகமாக மஞ்சள் இல்லை. தங்கத்தை மஞ்சளாக்கிய அதே விளைவு இன்னும் வலுத்துப்போய்த் தங்கத்தின் வாரிசை வேறாக்கிவிட்டது. ராண்ட்ஜெனியத்தின் வேதியியலை நேரடியாகச் சோதிப்பது மிகக் கடினம். இரண்டு நிமிடம் போல நிற்கும் நிறை எண் 282 கொண்ட ஐசோடோப்பு (அதே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் வகை), 117-ஆம் தனிமமான டென்னிசைன் சிதையும் வழியில்தான் கைக்கு வருகிறது.

அந்த டென்னிசைனை உண்டாக்கிய கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. அதற்குப் பெர்க்கீலியம் வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையில் பல மாதம் கதிர்வீச்சில் வைத்து, மேலும் மூன்று மாதம் சுத்திகரித்து எடுத்தது 22 மில்லிகிராம். அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், சுமார் 330 நாள். அதாவது கையில் இருக்கும்போதே கரைந்துகொண்டிருக்கும் சரக்கு. ரஷ்யாவுக்கு விமானத்தில் அனுப்பியபோது சுங்கத்தில் காகிதங்கள் சரியில்லை என்று திரும்பித் திரும்பி வந்து, அட்லாண்டிக் கடலை ஐந்து முறை தாண்டியது. கடைசியில் டூப்னாவில் கால்சியத்தை ஏவி 2010-ல் அறிவித்தது ஆறு அணுக்கள்.

கால்சியம் என்றால் சுண்ணாம்பில் இருக்கும் சாதாரணக் கால்சியம் இல்லை. 20 புரோட்டானும் 28 நியூட்ரானும் கொண்ட கால்சியம் 48. இயற்கைக் கால்சியத்தில் அது 0.187 சதவீதம்தான். நியூட்ரான் அதிகம் உள்ள எறிபொருள் ஏன் வேண்டும் என்பதில்தான் இத்துறையின் பெரிய ஆசை இருக்கிறது. அணுக்கருவிலும் எலக்ட்ரான்களைப் போல நிறைந்த கூடுகள் உண்டு. 2, 8, 20, 28, 50, 82, நியூட்ரானுக்கு 126 என்ற எண்ணிக்கைகளில் கரு தனி உறுதி பெறுகிறது. இதை விளக்கிய மரியா கெப்பர்ட் மேயருக்கும் ஜென்சனுக்கும் 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த நிறைவு 114 புரோட்டானும் 184 நியூட்ரானும் சேரும் இடத்தில் வரலாம், அங்கே நெடுநேரம் நிற்கும் கருக்கள் இருக்கலாம் என்று 1960-களிலிருந்து சொல்லி வருகிறார்கள். நிலைத்தன்மைத் தீவு என்று அதற்குப் பெயர். இன்னும் யாரும் அங்கே கால் வைக்கவில்லை. உண்டாக்கிய ஃப்ளெரோவியம் 289-ல் 175 நியூட்ரான்தான், ஒன்பது குறைகிறது. ஆனால் திசை சரி என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. கோப்பர்நீசியம் 277 ஒரு மில்லிநொடிகூட நிற்பதில்லை. அதே தனிமத்தின் 285, எட்டு நியூட்ரான் கூடியது, அரை நிமிடம் போல நிற்கிறது. முப்பதாயிரம் மடங்குக்கு மேல் உயர்வு. இந்த ஒரு ஒப்பீட்டைப் பார்த்தாலே அவர்கள் ஏன் இவ்வளவு காலம் விடாமல் உழைக்கிறார்கள் என்று புரியும். தீவை எட்டினாலும் கோடி ஆண்டு நிற்குமா, நாள் கணக்கில் நிற்குமா என்பதில் கணிப்புகள் வெகுவாக மாறுபடுகின்றன. எடுத்து விற்கும் அளவுக்கு ஒரு சரக்கு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒகனெசான் பற்றியும் ஒரு வார்த்தை. மந்த வாயுக்களின் தொகுதியில் இருப்பதால் மாணவர்கள் அதை வாயு என்றே எழுதுகிறார்கள். கணக்குகள் சொல்வது வேறு. சுமார் 50 டிகிரியில்தான் அது உருகும் என்கிறது 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. சித்திரை வெயிலில் ஈரோட்டில் வைத்தாலும் திடப்பொருள்தான். அதன் வெளி எலக்ட்ரான்கள் கூடு கூடாகப் பிரிந்து தெரியாமல் ஏறக்குறையச் சீராகக் கலந்து பரவியிருக்கும் என்று 2018-ல் ஒரு கணக்கு வந்தது. மந்தத்தன்மையும் அவ்வளவு இருக்காது. ஆனால் இவை எல்லாம் கணிப்புகள்தான். கண்டிருப்பதோ விரல்விட்டு எண்ணும் அணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. கோப்பர்நீசியத்துக்கும் 2019-ல் இப்படி ஒரு கணக்கு வந்தது: 10 டிகிரி வாக்கில் உருகும், 67 டிகிரி வாக்கில் கொதிக்கும் என்று. கோவையில் திரவம், மார்கழிக் காலை ஊட்டியில் கட்டி. இதை எவ்வளவு நம்பலாம் என்றால், தங்கப் பரப்பில் அளந்த தளர்வான பிணைப்போடு அது ஒத்துப்போகிறது, அந்த அளவுக்கு நம்பலாம்.

இனி எத்தனை வரும்? கால்சியத்தை ஏவும் வழி 118-ஓடு முடிந்துவிட்டது. இலக்காக வைக்கத் தேவையான அளவு கிடைக்கும் கடைசித் தனிமம் கலிஃபோர்னியம், 98. அதோடு 20-ஐக் கூட்டினால் 118. அதற்கு மேலுள்ள ஐன்ஸ்டைனியம், ஃபெர்மியம் தகடு செய்யும் அளவுக்குக் கிடைப்பதில்லை. எனவே எறிபொருளை மாற்ற வேண்டும். ஜப்பானில் வனேடியத்தை, அதாவது 23-ஐ, கியூரியம் 96-இன் மேல் ஏவி 119-ஐத் தேடுகிறார்கள். பெர்க்லியில் டைட்டானியம் 22 எடுபடுமா என்று பார்க்க, முதலில் அதைப் புளூட்டோனியத்தின் மேல் 22 நாள் ஏவி, 116-ஆம் தனிமமான லிவர்மோரியத்தின் இரண்டு அணுக்களைப் பெற்று 2024-ல் அறிவித்தார்கள். அடுத்து அதையே கலிஃபோர்னியத்தின் மேல் ஏவினால் 120. இந்த இரண்டில் எது முதலில் வந்தாலும் அட்டவணையில் எட்டாவது வரிசை திறக்கும்.

உங்கள் மகளுக்கு இதில் உண்மையாகவே ஆர்வம் இருந்தால் இயற்பியலோ வேதியியலோ எதை எடுத்தாலும் வழி இருக்கிறது. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் கன அயனிகளை முடுக்கி அணுக்கரு இணைவை ஆராய்கிறார்கள். ஹைரா என்ற பிரிப்பான் அங்கே இருக்கிறது, மேலே சொன்ன வகைக் கருவிதான். கொல்கத்தாவில் சைக்ளோட்ரான் மையம் இருக்கிறது. கதிர்வேதியியல் என்றால் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி. பிளஸ் டூ முடித்ததும் பி.எஸ்ஸி. சேரும்போது கணிதத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.